வரன் காட்டும் போன்

மங்கதாயாருவின் பழைய போன் ஒரு கல்யாணப் பந்தியில் மோர்க்குழம்பு அண்டாவுக்குள் விழுந்து செத்துப்போனது. அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்ததே அவர்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிடுவதைப் படம் எடுக்க அண்டாவின் மேல் குனிந்தார், கை வழுக்கிவிட்டது. சமையல்காரர் கரண்டியால் துழாவி எடுத்து, இடுப்புத் துண்டில் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டுப் பரிமாறப் போய்விட்டார். குழம்பைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

ஆந்திராவில் பாலகொல்லிலும் சுற்று வட்டாரத்திலும் மங்கதாயாரு பெயர்பெற்ற கல்யாணத் தரகர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். கணவர் மூர்த்தி வாய்க்கால் மதகு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, பேசினால் யாருக்காவது வலிக்கும். நான் எதிர்வீடு. இறால் பண்ணைகளுக்கு ஐஸ் அனுப்புகிற தொழில் எனக்கு. திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்துவிட்டது. என்னிடம் கார் இருந்ததால் அவருடைய தொழிலிலும் எனக்குப் பங்கு உண்டு, ஓட்டுகிற பங்கு.

செத்த போனின் திரை கீறல் விழுந்து கொஞ்சம் மஞ்சளடித்துப் போயிருந்தது. அதில் பார்த்தால் எல்லோரும் குத்துவிளக்கு வெளிச்சத்தில் நிற்பது போல இருப்பார்கள். அம்மைத் தழும்பு தெரியாது, வழுக்கை தெரியாது, வயது தெரியவே தெரியாது. அத்தனை கல்யாணமும் தன் வாய் சாமர்த்தியத்தால் நடந்தது என்று மங்கதாயாரு நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

புதுப் போன் வாங்க மூன்று பேருமாகப் பீமவரம் போனோம். கடைக்காரன் பாப்ஜி அவருக்குத் தூரத்து உறவு. அவன் கல்யாணமும் அவர் முடித்ததுதான். அதைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை. இரண்டு போன்களை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தான். ஒன்று சாதாரண விலை. இன்னொன்று அதைப் போல மூன்று மடங்கு.

"ரெண்டுலயும் பேசலாம், ரெண்டுலயும் படம் எடுக்கலாம். வித்தியாசமெல்லாம் திரையிலதான் அத்தை. விலை கம்மியானதுல பின்னாடி ஒரு லைட் எரியும், அதுக்கு முன்னால படம். கறுப்புகூட சாம்பலாத்தான் தெரியும். இதுல ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியும். கறுப்புன்னா கறுப்பு, வெளுப்புன்னா வெளுப்பு. வெயில்ல நின்னு பார்க்கலாம். சாய்ச்சுப் பார்த்தாலும் நிறம் மாறாது."

சொல்லிவிட்டு ஒரு கிளி பறக்கிற வீடியோவை ஓடவிட்டான். கிளியின் இறகு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

"கிளிக்கு நான் வரன் பார்க்கலடா. என் பையன்களைக் காட்டு."

குழம்பில் குளித்த போனிலிருந்து கார்டை எடுத்து, அதிலிருந்த படங்களை இரண்டு போன்களிலும் ஏற்றினான். முதலில் வந்தது ராஜமகேந்திரவரத்தில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் பத்ராசலம். சாதாரண போனில் இப்போதுதான் குளித்துப் பவுடர் போட்டு வந்தவன் போல இருந்தான். விலை கூடின போனில் தலைச்சாயம் காதோரமாக வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது தெரிந்தது.

"ஏன்டா பாப்ஜி, இவனுக்கு முப்பத்திரண்டுன்னுதானே சொன்னாங்க?"

"போன் என்ன பண்ணும் அத்தை? இருக்கறதைக் காட்டுது."

மூர்த்தி எட்டிப் பார்த்தார். "நம்ம கல்யாணத்தப்ப இது இருந்திருந்தா நீ தப்பிச்சிருப்பே."

"நீங்களும்தான்," என்றார் மங்கதாயாரு, தலையைத் திருப்பாமல்.

அங்கேயே யோசித்திருக்கலாம். ஆனால் நரசாபுரத்தில் வீர்ராஜு என்று ஒரு போட்டித் தரகர் இருந்தார். அவர் அதே போல ஒன்றை வாங்கி மேஜையில் வைத்த நாளிலிருந்து பொண்ணு வீடுகளில் அவருக்குக் காபிக்குப் பதிலாகப் பாதாம் பால் வருகிறது என்று பேச்சு. மங்கதாயாரு விலை கூடியதையே எடுத்தார்.

முதல் அடி பெனுகொண்டாவில் விழுந்தது. நல்ல வீடு, நல்ல பொண்ணு. மாப்பிள்ளை படத்தைப் பார்த்த பொண்ணின் சித்தி, இரண்டு விரலை வைத்து அதைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பெரிதாக்காமல் கையைப் பெரிதாக்கினாள்.

"மாப்பிள்ளை மோதிரம் போடுவாருங்களா?"

"சேச்சே, எளிமையான பையன்மா. கடிகாரம்கூடக் கட்ட மாட்டான்."

"அப்ப இந்த விரல்ல வெள்ளையா ஒரு வளையம் இருக்கே, அது என்னங்க?"

போன் அந்த வீட்டில் இருந்த எல்லோர் கைக்கும் போய் வந்தது. வெயில் படாத தோல், மோதிர அகலத்துக்கு, அச்சுப் போல இருந்தது. காரில் ஏறியதும் மங்கதாயாரு மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டார். "அதைக் கல்யாணம்னே சொல்ல முடியாதுங்க. ஒரு மாசம்கூட ஓடல," என்றாள் அந்த அம்மா.

அடுத்த வீட்டில், மாப்பிள்ளை சொந்த மாடி வீட்டின் முன்னால் சாய்ந்து நின்ற படத்தில், தோளுக்குப் பின்னால் இருந்த பெயர்ப்பலகையைப் பொண்ணின் தம்பி சத்தமாக வாசித்தான். அது ஒரு பல் டாக்டரின் வீடு. அதற்கு அடுத்ததில், பொண்ணின் முகப் பூச்சு தாடையோடு முடிந்து அதற்குக் கீழே வேறொரு நிறம் ஆரம்பிப்பதை மாப்பிள்ளையின் அத்தை கண்டுபிடித்தாள். பாதாம் பால் எல்லா வீட்டிலும் வந்தது. கல்யாணம்தான் ஒன்றும் நடக்கவில்லை.

மங்கதாயாரு மறுபடியும் பீமவரம் போனார். "இதை எடுத்துக்கிட்டு அந்த விலை கம்மியான சின்னதைக் குடுடா."

"ஏன் அத்தை, ரிப்பேரா?"

"ரிப்பேரா இருந்தா நான் ஏன் வர்றேன்?"

பாப்ஜி முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தான். தொழில் பழையபடி ஓட ஆரம்பித்தது. பத்ராசலத்துக்குக்கூட ஒரு இடம் அமைந்தது.

இந்த நேரத்தில்தான் ஹைமவதியின் அப்பா வந்தார். வீரபத்ர ராவ், மீன் தீவனம் விற்கிறவர். அவருக்கு ஒரே பொண்ணு. ஹைமவதிக்கு முப்பது வயது. துணை மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நல்ல சிவப்பு. இடது புருவம் மட்டும் வெள்ளை. அதன் கீழே கன்னத்தில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு, தாடையில் இன்னொன்று. பயப்பட வேண்டிய நோய் எதுவும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. ஆனாலும் பொண்ணு பார்க்க வந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

அவள் படத்தைத் தன் சின்னப் போனில் ஏற்றி அவரிடம் காட்டினார் மங்கதாயாரு. வெளிறிய திரையில் கன்னமும் திட்டும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. வீரபத்ர ராவ் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பிறகு போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தாயாரு அம்மா, புண்ணியமாப் போகும். இந்தப் போனை மட்டும் மாத்திடாதீங்க."

அந்தப் போன் வேலையும் செய்தது. அமலாபுரத்துக்கு இந்தப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். அம்மா ராஜேஸ்வரம்மா, மகன் மல்லி. ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில், மண்டப வாசலில் நல்ல வெயிலில் நின்று படத்தைப் பார்த்தார்கள். அந்தத் திரையில் வெயிலில் ஒரு பொண்ணு இருக்கிறாள் என்பதே பாதி யூகம்தான். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார் ராஜேஸ்வரம்மா. ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பார்க்க வருவதாக முடிவானது.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து ஹைமவதி நேராக மங்கதாயாருவின் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது அங்கேதான் மூர்த்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, அவங்களுக்கு எந்தப் படம் காட்டினீங்க? நான் பார்க்கலாமா?"

மங்கதாயாரு கொடுத்தார். அவள் பார்த்தாள்.

"நல்லாருக்கா. யாரு?"

"நீதான்டி."

"எனக்குத் தங்கச்சி இருந்தா இப்படி இருந்திருப்பா." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி சரியான படத்தைக் காட்டிடுங்க அத்தை."

"பைத்தியமா உனக்கு? வரட்டும், உக்காரட்டும், நீ ரெண்டு வார்த்தை பேசு. மனுஷங்க பழகினா இதெல்லாம் சின்ன விஷயம்மா."

"மூணு தடவை வந்தாங்க, உக்காந்தாங்க. பூத்தரேக்கு இனிப்பு சாப்பிட்டாங்க. கை கழுவும்போது, இது ஒட்டுமான்னு எங்கம்மாகிட்ட மெதுவா கேட்டுட்டுப் போயிட்டாங்க. வர்றவங்களுக்கெல்லாம் அதை மடிச்சு மடிச்சு எனக்குக் கை ஓஞ்சு போச்சு. வேண்டாம்னு சொல்றவங்க அங்கேயே சொல்லட்டும். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சமாகும்."

"இந்தப் போன்ல எந்தப் படம் போட்டாலும் இப்படித்தான் வரும்."

ஹைமவதி பையிலிருந்து தன் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். மங்கதாயாரு பாப்ஜியிடம் திருப்பிக் கொடுத்ததைப் போலவே ஒன்று. "என்னுதுல காட்டுங்க. நாளைக்கு ராத்திரி ஷிப்டுக்கு முன்னாடி குடுத்தாப் போதும்."

மூர்த்தி செய்தித்தாளை இறக்கி, "பொண்ணு நல்லா பேசறாளே," என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

மறுநாள் காரில் கிளம்பினோம். சிஞ்சினாட பாலம் தாண்டுவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சுற்று வட்டக் கிராமங்களில் எல்லோரிடமும் ஹைமவதியின் நம்பர் இருந்தது. அன்று பார்த்து எங்கோ மின்கம்பி அறுந்திருந்தது.

"அம்மா, கரண்ட் எப்பங்க வரும்?"

"வரும்ங்க," என்றார் மங்கதாயாரு. "நல்லதா வரணும்னா கொஞ்சம் தாமதமாத்தான் வரும்."

"இறால் குட்டைக்குக் காத்து விடணுங்க, மோட்டார் நின்னு போச்சு!"

"பொறுங்க. அந்தப் பக்கமும் பேசிட்டுத்தான் இருக்காங்க."

இப்படியே வழி முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அமலாபுரத்துக்கு முன்னால் எனக்கு வழி தப்பியது. அந்தப் போனிலிருந்தே மல்லியைக் கூப்பிட்டு, "ஆங், வாய்க்கால் ஓரமாவே வாங்க, தேங்கா மட்டை குவிஞ்சிருக்கும்," என்று அவன் சொன்னபடி போய்ச் சேர்ந்தோம்.

ராஜேஸ்வரம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். அந்தத் திரையில் மறைவதற்கு எதற்கும் இடமில்லை. மின் நிலையத்துக் கம்பி வேலிக்கு முன்னால் ஹைமவதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளைப் புருவத்தின் முடிகளைக்கூட எண்ணிவிடலாம்.

"படத்துல ஏதோ வெளிச்சம் விழுந்திருக்குங்களே?"

"வெளிச்சம் இல்லம்மா, பொண்ணோட தோல். அன்னிக்கு நான் காட்டினதுலதான் கோளாறு." மங்கதாயாரு மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மல்லி வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, சரக்கு லாரி வந்துவிட்டது என்று எழுந்து போனான்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். கடுகு அரைத்துவிட்ட பலாப்பிஞ்சுக் கறி, கோங்குராக் கீரை, பருப்பு, நெய், இரண்டு வகை இனிப்பு, இளநீர். கிளம்பும்போது, "சொல்லி அனுப்பறோம்," என்றார் ராஜேஸ்வரம்மா.

காரில் மங்கதாயாரு சொன்னார்: "முடிஞ்சது தம்பி. வேணும்னு நினைக்கறவங்க சாப்பாட்டுக்கு இவ்வளவு சிரமப்பட மாட்டாங்க."

வீரபத்ர ராவ் அன்று எங்கள் தெருவே கேட்கும்படி கத்தினார். "நல்ல போன்ல காட்டச் சொல்லி உங்களை யாருங்க கேட்டது?"

"நான்தான்பா கேட்டேன்," என்று சொல்லி ஹைமவதி தன் போனை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

அடுத்து நடந்ததைப் பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னாள். சனிக்கிழமை சாயந்திரம் அவள் போன் அடித்தது. வழி கேட்டோமே, அந்த நம்பரை மல்லி மங்கதாயாருவின் நம்பர் என்று பதிந்து வைத்திருந்தான்.

"அக்கா, மல்லி பேசறேங்க."

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சொல்லுங்க."

"குரல் என்னங்க ஒரு மாதிரி இருக்கு?"

"ஜலதோஷம்."

"எங்கம்மா சொல்லி அனுப்பறோம்னாங்களே, அது அம்மா சொன்னது. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க. ஒரு சந்தேகம். அந்தப் படத்தைக் காட்டணும்னு உங்களுக்கே தோணுச்சா, இல்ல அந்தப் பொண்ணு சொன்னாங்களா?"

"பொண்ணுதான் சொல்லுச்சு."

"எதுக்குங்க?"

"வர்றவங்களுக்குப் பூத்தரேக்கு மடிச்சு அலுத்துப் போச்சாம்."

மல்லி சிரித்தான். நிறுத்தி, மறுபடியும் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, நான் குடுத்த படம் ஏழு வருஷத்துக்கு முந்தினது. அதை அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"இப்ப எப்படி இருக்கீங்கன்னு அவகிட்ட சொல்லட்டும்?"

"முன்மண்டை காலிங்க. தொப்பை இருக்கு. ஒரு பல்லு இல்ல, சிரிச்சாத் தெரியும்."

"ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

"இந்த நம்பருக்கா?"

"இந்த நம்பருக்குத்தான்."

தேங்காய்க் குவியலுக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டி, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நின்ற படம் வந்தது. அவள் அதை அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். சொன்னது எல்லாமே இருந்தது. அவளே கூப்பிட்டாள்.

"காது இவ்வளவு பெரிசுன்னு சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே அக்கா."

"அக்கா இல்ல. ஹைமவதி."

அந்தப் பக்கம் யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம். வைத்துவிடலாமா என்று அவள் யோசிக்கும்போது, "அப்ப ஜலதோஷம் இல்லையா?" என்று கேட்டான் மல்லி.

இந்தப் பொண்ணுதான் என்று மல்லி சொல்லியும் ராஜேஸ்வரம்மா அவ்வளவு சுலபத்தில் இறங்கிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, மகனோடு பேச்சையும் நிறுத்தினார். சோறு மட்டும் போட்டார். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, துணை மின் நிலையத்து வேலிக்கு வெளியே நின்றார். ஹைமவதி தலைக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, லைன்மேன் ஒருவரைக் கம்பத்திலிருந்து இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் இறங்கினார். ராஜேஸ்வரம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் வேலியருகே வந்ததும், முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"வெயில் பட்டா அந்த இடம் எரியாதா?"

"எரியும்ங்க."

"முந்தானையை இழுத்துப் போட்டுக்கத் தெரியாதா? எரியும்னு தெரிஞ்சும் இப்படி நிக்கறே."

அவ்வளவுதான். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் திரும்புகிற வழியில் பாலகொல்லில் இறங்கி இரண்டு பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு போனார் என்று ஜவுளிக்கடைக்காரர் மங்கதாயாருவிடம் சொன்னார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நாள் குறித்தோம்.

நாள் குறித்த வாரமே மங்கதாயாரு பாப்ஜி கடைக்குப் போய், விலை கூடிய போனை மறுபடியும் கேட்டார்.

"அத்தை, இந்தத் தடவை திருப்பி வாங்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"குடுடா. அந்தச் சின்னப் போன்ல காட்டினா கல்யாணம் நடக்குது, அப்புறம் சண்டை போட என் வீட்டுக்கு வர்றாங்க. போன மாசம் அந்த பத்ராசலத்தோட மாமனார் வந்து ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்தார். இதுல காட்டினா சண்டை அவங்கவங்க வீட்டோட முடிஞ்சு போகுது."

தொழில் குறைந்துதான் போயிற்று. சாயம் பூசினவர்களும் பிறத்தியார் வீட்டு முன்னால் நின்றவர்களும் அதற்குள் தானும் சின்னப் போனுக்கு மாறிவிட்டிருந்த வீர்ராஜுவைத் தேடிப் போனார்கள். சத்தம் போட வருகிறவர்கள் நின்றதால் மூர்த்தி மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினார்.

கல்யாணம் கார்த்திகை மாதம் நடந்தது. இந்த ஊர் வழக்கப்படி, சீரகமும் வெல்லமும் வைத்து அரைத்ததை ஒருவர் தலையில் ஒருவர் வைக்கிற நேரத்தில், மல்லியின் தலையில் அது நிற்க இடமில்லாமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. ஹைமவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீரபத்ர ராவ் அழுதார். அவர் அழுவதைப் பார்த்து, காரணம் புரியாமல் நாதஸ்வரக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

சங்கராந்திக்கு முன்னால் கல்யாண ஆல்பம் அமலாபுரத்துக்கு வந்தது. அன்று நாங்களும் அங்கே இருந்தோம். ராஜேஸ்வரம்மா மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டார். ஸ்டுடியோக்காரன் யாரும் கேட்காமல், தன் கைங்கரியமாக, எல்லாப் படத்திலும் ஹைமவதியின் முகத்தை ஒரே நிறமாக்கி, புருவத்தையும் கறுப்பாக்கிவிட்டிருந்தான். ராஜேஸ்வரம்மா உடனே அவனுக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, எங்க வீட்டு மருமகளுக்கு இடது புருவம் வெள்ளை. அதை எங்கே விட்டே?"

அவன் ஏதோ சொன்னான்.

"அழகு பண்ணச் சொல்லி உன்னை யாரு கேட்டா? இருக்கறவளைப் போடு. எல்லாப் பக்கமும் மாத்து. அப்படியே என் மகன் மண்டையில முடி வெச்சிருக்கே பாரு, அதையும் எடுத்துடு."

ஹைமவதி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆல்பம் சரிசெய்து வந்தது. அதில் ஒரு பெரிய படத்தில், மணமக்களுக்குப் பின்னால் மங்கதாயாரு கண்ணை மூடிக்கொண்டு, வாய் நிறைய லட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று அவர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். ராஜேஸ்வரம்மா முடியாது என்றுவிட்டார்.